ஓநாய்களின் உருமாற்றம்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு புனித சனிக்கிழமை மாலை. பாஸ்கா திருவிழிப்புக்காகக் கோவில் முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் துணிப்பை ஒன்றுடன் நம்மை நாடி வந்தார். கல்லூரியில் பயிலும் தம் மகன் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கும் குறுந்தகடுகள் அப்பையில் இருந்தன. "எல்லாம் பேய்ப் பாட்டு சாமி. ராத்திரி மந்திரிக்கிற நெருப்புல இதையும் போட்டுடுங்க" என்றார். ஒன்றிரண்டைப் புரட்டிப் பார்த்தோம். ஒன்றின் தலைப்பில் 'நரகம்' என்று பொருள்தரும் ஆங்கிலச் சொல் தென்பட்டது. தீர்ப்பு எழுத அந்த ஒரு சொல்லே நமக்குப் போதுமானதாய் இருந்தது. வைத்துவிட்டுப் போகச் சொன்னோம்.

அந்தப் பை நெருப்பில் விழவில்லை. காரணம் நம் ஞானம் அன்று, மறதி. திருவிழா நெருக்கடியில் அது சக்கிறீஸ்து அறை அலமாரியிலேயே கிடந்துவிட்டது. திங்களன்று காலை அந்த இளைஞன் வந்து நின்றான். "எரிச்சிட்டீங்களா ஃபாதர்?" என்று கேட்டான். குரலில் கோபமில்லை, சோர்வு இருந்தது. பையை எடுத்துக் கொடுத்தோம். அவன் 'நரகம்' என்ற சொல்லைத் தாங்கிய தகட்டைத் தனியே எடுத்து, "இதை எரிக்கணும்னு இந்த இசையோட ரசிகர்கள்லயே பாதிப் பேர் சொல்லுவாங்க ஃபாதர். ஆனா அவங்க சொல்ற காரணம் வேற" என்றான். அக்காரணம் என்னவென்று கேட்டு உட்கார்ந்தோம். அன்று தொடங்கிய சிந்தனையைத்தான் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

'பிளாக் மெட்டல்' என்பது மேலைநாட்டு இசைவகைகளுள் ஒன்று. இங்கிலாந்தின் வெனம் என்னும் குழு 1982இல் வெளியிட்ட இசைத்தொகுப்பின் பெயரே இவ்வகைக்கும் பெயராயிற்று. ஆயினும் அது முழு உருப்பெற்றது 1990களின் தொடக்கத்தில், நார்வே நாட்டில். இடைவிடாது அதிரும் மின்கிதார்கள், மூச்சுவிட இடந்தராத முரசொலி, பாட்டாகப் பாடாமல் கிறீச்சிடும் குரல், வேண்டுமென்றே கரடுமுரடாகச் செய்யப்பட்ட ஒலிப்பதிவு, பிணத்தைப்போல் வெள்ளையும் கறுப்புமாய்த் தீட்டிய முகங்கள் ஆகியவை அதன் அடையாளங்கள். கிறிஸ்தவத்தின்மீது கொண்ட வெறுப்பை அவ்வட்டத்தினர் பலர் மறைக்கவுமில்லை.

அவ்வெறுப்பு பாடல்களோடு நிற்கவில்லை. ஏறத்தாழ 1150ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டு, 1883இல் பெர்கன் நகருக்கு அருகே கொணர்ந்து நிறுத்தப்பட்ட ஃபான்டாஃப்ட் மரக்கோவில் 1992 ஜூன் 6ஆம் நாள் எரிந்து சாம்பலாயிற்று. அதே ஆண்டில் ஓஸ்லோவின் ஹோல்மென்கோலன் ஆலயமும் எரிந்தது. லுத்தரன் சகோதரர்கள் வழிபட்டுவந்த மேலும் சில ஆலயங்களும் அக்காலத்தில் தீக்கிரையாயின. அவ்வட்டத்தைச் சேர்ந்த இசைஞர் ஒருவருக்கு, சக இசைஞரைக் கொன்றதற்காகவும் ஆலயங்களுக்குத் தீ வைத்ததற்காகவும் 1994இல் 21 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆகவே அந்தத் தாயின் அச்சத்தை அறியாமை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது.

இப்பின்னணியில்தான் 1993இல் ஓஸ்லோவில் 'உல்வர்' என்னும் குழு தோன்றியது. நார்வே மொழியில் அச்சொல்லுக்கு ஓநாய்கள் என்று பொருள். 1995, 1996, 1997 ஆகிய ஆண்டுகளில் அக்குழு மூன்று தொகுப்புகளை வெளியிட்டது. மூன்றாவதான 'நாட்டென்ஸ் மட்ரிகால்', மனிதனுக்குள் வாழும் ஓநாய்க்கு எட்டுப் பாடல்கள் என்னும் துணைத்தலைப்போடு வந்தது. அவ்விசைவகையின் மிகக் கடுமையான வடிவத்துக்கு அதை எடுத்துக்காட்டாகச் சொல்பவர்கள் இன்றும் உண்டு.

மறு ஆண்டிலேயே, 1998 டிசம்பரில், அக்குழு யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தது. ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் 1790க்கும் 1793க்கும் இடையில் எழுதிச் செதுக்கிய 'விண்ணகமும் நரகமும் மணம்புரிதல்' என்னும் நூலை முழுமையாக எடுத்து இசையமைத்து, இரண்டு தகடுகளில் நூறு நிமிடங்களுக்கு மேல் ஓடும் தொகுப்பாக வெளியிட்டது. கிறீச்சிடும் குரல் மறைந்தது. உரைநடை வாசிப்பும், மின்னணு ஒலிகளும், கணினியில் கோத்த தாளமும், பெண்குரலும், இடையிடையே பழைய கிதார் முழக்கமும் அந்த இடத்தைப் பிடித்தன. பாடகர் கிறிஸ்டோஃபர் ரூக்கும், 2024இல் மறைந்த டூர வில்விசாக்கரும் இம்முயற்சியின் தூண்கள்.

ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தனர். துணிவின் சிகரம் என்றனர் ஒரு சாரார். காட்டிக்கொடுத்தல் என்றனர் மறுசாரார். மேடையில் இறைவனையே மறுத்துப் பாடியவர்களின் ரசிகர்கள், தம் வட்டத்தை விட்டு விலகியவரைச் சுட்ட 'துரோகம்' என்ற சொல்லை எடுத்தார்கள்! எல்லாக் கட்டளைகளையும் உடைக்கப் புறப்பட்டவர்கள் தாமே ஒரு கட்டளைத் தொகுதியை எழுதிக்கொண்டார்கள். முகத்தில் எந்த வண்ணம் பூசவேண்டும், ஒலிப்பதிவு எவ்வளவு கரடாக இருக்கவேண்டும், எது 'உண்மையான' பிளாக் மெட்டல், எது போலி என்று வரையறுத்தார்கள். பீடத்தை இடித்த கைகளே மற்றொரு பீடத்தைக் கட்டின. இதைக் கேட்டு நாம் சிரித்தோம். அந்த இளைஞன் சிரிக்கவில்லை. "நம்ம கோவில்லயும் இப்படித்தானே ஃபாதர்?" என்றான்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. ஒருவர் நெடுநாள் கடைப்பிடித்த வடிவத்தைக் கைவிட்டால் அவர் பற்றுறுதி தவறியவர் ஆவாரா? பற்றுறுதி என்பது வடிவத்தின்மீதா, அவ்வடிவத்தைப் பிறப்பித்த தேடலின்மீதா?

முதலில், வருந்தியவர்களின் பக்கம் சற்று நிற்போம். புதிய திராட்சை மதுவையும் பழைய தோற்பைகளையும் பற்றிய உவமையை நாம் நன்கறிவோம். ஆனால் அவ்வுவமையின் இறுதியில் நற்செய்தியாளர் லூக்கா மட்டுமே குறித்துவைத்துள்ள ஒரு சொல்லை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். பழைய மதுவைச் சுவைத்தவர் புதியதை விரும்புவதில்லை, பழையதே நல்லது என்பார் என்று ஆண்டவர் கூறுகிறார். புதுமையைக் கொணர்ந்தவரே பழமையை இழப்பவரின் மனத்தை இவ்வளவு கனிவோடு அறிந்திருந்தார். தனிமையான இரவுகளில் ஓர் இசைதான் தன்னைப் புரிந்துகொண்டது என்று எண்ணிய ஒருவன், அவ்விசையைத் தந்தவர்களே அதை விட்டுச் சென்றபோது அழுதால் அது மூடத்தனம் ஆகாது. பங்கில் ஒரு பழைய கீர்த்தனையின் மெட்டு மாறியபோது முகம் வாடிய முதியவர்களை நாமும் கண்டிருக்கிறோம். அவர்களிடம் விளக்கம் சொல்ல விரைந்தோமேயன்றி, இழப்பை ஒப்புக்கொள்ளவில்லை.

எனினும் மாற்றம் என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. சலிப்பாலும் புகழாசையாலும் மாறுகிறவர்கள் உண்டு. வளர்ச்சியையும் சீர்கேட்டையும் எவ்வாறு பிரித்தறிவது? கோட்பாடுகளின் வளர்ச்சியைப் பற்றி 1845இல் எழுதிய நூலில், பின்னாளில் கர்தினாலான நியூமன் இதற்கு ஏழு அடையாளங்களைத் தருகிறார். 2019இல் புனிதராக உயர்த்தப்பட்ட அவர், அந்நூலை எழுதிய ஆண்டிலேயே ஆங்கிலிக்கன் சபையை விட்டுக் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார். ஆக்ஸ்ஃபோர்டு நண்பர்கள் பலரை அதனால் இழந்தார். அவரையும் துரோகி என்றே பலர் எண்ணினர். ஆகவே அவர் தந்த அளவுகோல் ஏட்டறிவு மட்டுமன்று, காயப்பட்டவர் கண்டெடுத்தது.

அவ்வடையாளங்களுள் மூன்றை இங்கு வைத்துப் பார்ப்போம். திருச்சபையின் போதனைக்காக வகுத்ததை இசைக்கு அளவாக்குவது ஒப்புமை மட்டுமே என்பதையும் நினைவிற்கொள்வோம். உண்மையான வளர்ச்சியில் மூல இயல்பு நிலைக்கும். உல்வரிடம் அது நிலைத்தது. மனிதனுக்குள் இருக்கும் ஓநாயைப் பாடியவர்கள், மனிதனுக்குள் மோதும் எதிர்முனைகளைப் பற்றிய நூலுக்கே வந்து சேர்ந்தார்கள். அடுத்ததாக, பின்வருவதன் முன்னறிகுறி தொடக்கத்திலேயே தென்படும். 1996இன் இரண்டாம் தொகுப்பிலேயே அவர்கள் மின்கிதார்களை விட்டு, சாதாரணக் கிதாரையும் பல்குரல் இசையையும் நாடியிருந்தார்கள். இறுதியாக, உண்மையான வளர்ச்சி தன் கடந்தகாலத்தை அழிக்காது. 1999இல் வெளியிட்ட சிறு தொகுப்பில், தாங்கள் பிளாக் மெட்டல் குழு அல்லர் என்று அறிவித்தபோதும், முந்திய படைப்புகளை அவர்கள் பழிக்கவில்லை. அவை படிக்கற்களே அன்றி முடிவுகள் அல்ல என்ற கருத்தையே சொன்னார்கள். பிளேக்கின் நூலுக்கு அமைத்த இசையின் கடைசிப் பகுதியில் எம்பரர், டார்க்த்ரோன் ஆகிய பழைய வட்டத்துக் குழுக்களைச் சேர்ந்த மூவர் விருந்தினராய்ப் பங்கேற்றிருப்பதும் கவனிக்கத்தக்கது. விலகியவர் கதவைச் சாத்திவிட்டுச் செல்லவில்லை.

அந்த 1999ஆம் ஆண்டுத் தொகுப்பின் பெயர் 'மெட்டமார்ஃபசிஸ்'. இறையியல் பயின்றவர்களுக்கு இது அந்நியச் சொல் அன்று. மலைமேல் ஆண்டவர் தோற்றம் மாறியதைக் குறிக்க மத்தேயுவும் மாற்கும் கையாளும் கிரேக்க வினை இதே வேரைச் சேர்ந்தது. உள்ளம் புதுப்பிக்கப்பட்டு உருமாறுமாறு பவுலடிகளார் உரோமையருக்கு எழுதும்போதும் இவ்வினையையே ஆள்கிறார். தாபோர் மலையில் ஒளிர்ந்தவர் வேறொருவர் அல்லர், நாசரேத்தூர் இயேசுவேதான். உருமாற்றம் ஆளை மாற்றுவதில்லை, மறைந்திருந்ததை வெளிக்கொணர்கிறது.

இவ்வளவும் சொன்னபின் ஒரு மறுப்பையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். பிளேக்கின் முடிவை நம்மால் ஏற்க இயலாது. சுவீடன்போர்க் என்பவர் 1758இல் எழுதிய விண்ணகம், நரகம் பற்றிய நூலை எள்ளி நகையாடப் புறப்பட்ட பிளேக், நன்மை என்பது அடங்கிப்போகும் அறிவு, தீமை என்பது பொங்கியெழும் ஆற்றல், வாழ்வுக்கு இரண்டும் தேவை என்கிறார். புனித அகுஸ்தீனார் கற்பித்தபடி தீமை தனக்கென ஓர் இருப்பு இல்லாதது. நன்மையின் குறைபாடு அது. இல்லாத ஒன்றை எவ்வாறு மணமுடிப்பது? எரிந்த கோவிலின் சாம்பலில் எந்த ஆற்றலின் அழகையும் நாம் காணவில்லை. ஆயினும் பிளேக் 'நரகம்' என்று பெயரிட்டது பெரும்பாலும் நரகத்தையன்று. ஆசையையும் உடலையும் வியப்பையும் சந்தேகத்தோடு பார்த்த ஒரு வறண்ட சமயம் எவற்றையெல்லாம் நரகத்துக்கு அனுப்பியதோ, அவற்றையே அவர் அப்பெயரால் சுட்டினார். எசாயாவோடும் எசேக்கியேலோடும் விருந்துண்பதாக அதே நூலில் எழுதியவர் அவர். முதிர்ந்த வயதில் யோபுவின் வரலாற்றைச் செப்புத்தகடுகளில் செதுக்கியவர். தலைப்பில் கண்ட ஒரு சொல்லை வைத்து அவரைத் தீயிலிட இருந்தோம் என்பதை எண்ணும்போது இன்றும் நாணுகிறோம்.

அத்தொகுப்பை அவ்விளைஞனோடு இரண்டு மாலைகள் கேட்டோம். நம் செவி அதற்கு எளிதில் இணங்கவில்லை. நூலின் ஒரு சொல்லையும் விடக்கூடாது என்ற உறுதியால் சில பகுதிகள் இசையாகாமல் வாசிப்பாகவே நின்றுவிடுகின்றன. குறை சொன்ன ரசிகர்கள் அனைவரும் குறுகிய மனத்தினர் அல்லர் என்று அப்போது உணர்ந்தோம். ஆனால் ஆலயப் பாடலின் இனிமையில் பொருளைத் தவறவிடுகிறோமோ என்று தம் 'ஒப்புதல்கள்' நூலில் அஞ்சிய அகுஸ்தீனாரும் நினைவுக்கு வந்தார். இனிமையே இல்லாத இடத்தில் இவர்கள் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பின்னாளில், 2013இல், இதே குழு நார்வேயின் ட்ரொம்சோ நகர இசைக்குழுவுடன் இணைந்து ஒரு படைப்பை வெளியிட்டது. அதன் பெயர் 'மெஸ்ஸ'. திருப்பலி என்று பொருள். இதைக்கொண்டு அவர்கள் மனந்திரும்பிவிட்டதாக முரசறைய நமக்கு உரிமையில்லை. தேடல் நிற்கவில்லை என்று மட்டும் கூறலாம். எரிந்த ஃபான்டாஃப்ட் கோவிலும் 1997இல் மீண்டும் எழுப்பப்பட்டு நிற்கிறது. மரம் புதியது, வடிவம் பழையது. ஓரிடத்தில் வடிவத்தைக் காத்தல் பற்றுறுதியாகிறது. மற்றோரிடத்தில் அதைத் துறத்தல் பற்றுறுதியாகிறது. எது எங்கே என்று தெளிந்து தேர்வது சட்டத்தால் ஆகாது. அன்போடு காது கொடுத்தால்தான் ஆகும்.

அந்தத் தாயிடம் பிறகு பேசினோம். மகன் கேட்பதை ஒருமுறை அவனோடு உட்கார்ந்து கேட்குமாறு சொன்னோம். "எனக்கு என்ன சாமி புரியும்?" என்றார். நமக்கும் முழுதும் புரியவில்லை என்று உண்மையைச் சொன்னோம். அடுத்த ஆண்டு பாஸ்கா இரவில் தாயும் மகனும் ஒரே வரிசையில் மெழுகுதிரி ஏந்தி நின்றனர். முற்றத்து நெருப்பிலிருந்து பாஸ்கா திரிக்குச் சுடரேற்றியபோது நம் கை சற்றே நடுங்கியது. நாம் பற்றிக்கொண்டிருப்பது ஆண்டவரையா, அவரைக் கற்றுக்கொண்ட நாள்முதல் பழகிப்போன வடிவத்தையா என்னும் கேள்வி, அவ்விரவு முதல் நம்மை விட்டு அகலவில்லை. உங்களையும் அது சற்றே தொந்தரவு செய்யட்டும்.