தீங்கு நினையாதவன் தீங்கற்றவனா?

‘யாருக்கும் நான் கெடுதல் நினைத்ததில்லை’ என்று மனநிறைவோடு கூறுபவர்கள் உலகில் பலர். அவர்கள் சொல்வது பொய்யன்று. பிறருக்குத் துன்பம் செய்வதென்று தீர்மானித்து ஒரு நாளைத் தொடங்குபவர்கள் மிகச் சிலரே. ஆயினும், தீங்கு நினையாமை ஒன்றே ஒருவனைத் தீங்கற்றவன் ஆக்கிவிடுமா? இதை ஆராய்வதற்குச் சாஸ்திரங்கள் துணை செய்யும். அதற்கு முன்பு ஒரு மலைப்பாதையும் ஒரு மிதிவண்டியும் வேறொரு விதத்தில் துணை செய்யும்.

மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டைக்கு இறங்கும் சாலையில், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ளது மறையூர். மேற்கே பெருமழை பெய்யும்போது இது மலைகளின் மறைவில் நின்றுவிடுவதால், இங்கு மழை குறைவு. கேரளத்தில் சந்தன மரங்கள் இயற்கையாகச் செழித்து வளரும் காடு இங்குதான் இருக்கிறது. பள்ளத்தாக்கில் கரும்பு வயல்கள். அவற்றின் விளைவான மறையூர் வெல்லம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பாறை மேடுகளில், ‘முனியறைகள்’ என்று மக்கள் அழைக்கும் பெருங்கற்காலக் கல்லறைகள் நிற்கின்றன. சற்றுக் கீழே 1984-இல் அறிவிக்கப்பட்ட சின்னாறு வனவிலங்குச் சரணாலயம். யானையும் காட்டெருமையும், சாம்பல் நிற மலை அணிலும், நட்சத்திர ஆமையும் அங்கு வாழ்கின்றன. முதுவர், மலைப்புலையர் ஆகிய பழங்குடி மக்களின் குடியிருப்புகளும் அவ்வனத்தினுள் உண்டு.

இத்தகைய நிலங்களை நாடிச் செல்வதற்கென்றே அண்மைக் காலத்தில் ஒரு வகை மிதிவண்டி உருவாகியிருக்கிறது. அதை ‘கிராவல் பைக்’ என்கிறார்கள். பந்தய வண்டியைப் போன்று வளைந்த கைப்பிடி. ஆனால் அதைவிட அகன்ற, காற்றழுத்தம் குறைந்த டயர். தார்ச்சாலை முடிந்த பிறகும் சரளைக்கல்லிலும் செம்மண்ணிலும் அது தடையின்றிச் செல்லும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் புல்வெளிகளில் 2006-இல் தொடங்கிய ஒரு நெடும்பந்தயம் இவ்விளையாட்டு பரவ முக்கிய காரணமாயிற்று. 2022-இல் இத்தாலியில் இதற்கு முதல் உலகச் சாம்பியன் போட்டியும் நடைபெற்றது. இன்று நம் நாட்டு இளைஞர்களும் மலைச்சரிவுகளிலும் ஆற்றங்கரைகளிலும் ஜீப் தடங்களைத் தேடி இவ்வண்டியில் புறப்படுகிறார்கள்.

இப்படிப் புறப்படும் இளைஞனின் மனம் தூய்மையானது. அவனுடைய வண்டி புகை கக்குவதில்லை, இரைச்சலிடுவதில்லை. வியர்வை சிந்தி மலையேறுகிறான். குப்பையைக் கூடத் தன் பையிலேயே திரும்ப எடுத்து வருகிறான். ‘என்னால் இந்தக் காட்டுக்கு என்ன கெடுதல்?’ என்று அவன் கேட்டால், அது நியாயமான கேள்வியாகவே தோன்றும்.

ஓசையின்மையில் ஒளிந்திருப்பது

சரிவில் இறங்கும் மிதிவண்டி விரைவாகவும் ஓசையின்றியும் வருகிறது. நடந்து வருபவனைக் காட்டு விலங்கு முன்பே உணர்ந்து விலகிவிடும். மோட்டார் வாகனத்தின் ஒலி தொலைவிலேயே கேட்டுவிடும். மிதிவண்டியோ, வளைவைத் திரும்பிய கணத்தில் எதிரே நிற்கிறது. காற்று எதிர்த்திசையில் வீசினால் மனித வாடையும் முன்கூட்டி எட்டாது. கன்றோடு நிற்கும் தாய் யானைக்கு அந்த ஒரு கணம் பேரச்சம். ஓட்டுபவனுக்கும் அது உயிராபத்து. வட அமெரிக்கக் கரடி வனங்களில், வளைவுகளில் வேகத்தைக் குறைத்துக் குரல் கொடுத்துச் செல்லுமாறு மிதிவண்டிக்காரர்களுக்கு அறிவுறுத்துவது இக்காரணத்தினாலேயே. எந்த அமைதியைத் தன் நற்பண்பாக அவன் எண்ணினானோ, அதுவே அங்குத் தீங்காக மாறுகிறது.

இன்னொன்றும் உண்டு. மழையில் நனைந்த மண்தடத்தில் சக்கரம் உருண்டால் ஒரு கோடு பதிகிறது. அடுத்த மழையில் நீர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. கோடு வாய்க்காலாகிறது, மேல்மண் கரைந்து ஓடைக்குச் செல்கிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் மூன்று ஆறுகளுள் ஒன்றான பாம்பாறு மறையூர் வழியே பாய்ந்து, சின்னாற்றைச் சேர்த்துக்கொண்டு, அமராவதி அணைக்கு வருகிறது. அணையின் நீரை நம்பிக் கீழே தமிழக உழவர்கள் பயிரிடுகிறார்கள். ஒரு சக்கரத் தடத்தால் அணை தூர்ந்துவிடாது என்பது உண்மை. ஆனால் ஒவ்வொருவரும் ‘என் ஒரு தடம்தானே’ என்றே எண்ணுகிறார்கள். டயரில் ஒட்டிய சேற்றோடு பார்த்தீனியம் போன்ற களைகளின் விதைகளும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பயணம் செய்கின்றன. இவற்றில் எதையும் அந்த இளைஞன் நினைக்கவில்லை. நினையாததுதான் இங்குக் குறை.

நடந்தவர்களுக்கு வந்த விதி

இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்வி துறவிகளின் முன் எழுந்தது. புத்தரின் சீடர்கள் எல்லாப் பருவங்களிலும் ஊர் ஊராக நடந்து சென்றார்கள். மழைக்காலத்திலும் நடந்து, இளம்புல்லையும் சிற்றுயிர்களையும் அவர்கள் மிதித்துச் செல்வதாக மக்கள் குறைகூறினார்கள் என்று பௌத்த விநய நூல் தெரிவிக்கிறது. பிக்ஷுக்கள் கொலை எண்ணம் கொண்டவர்களல்லர். கருணையைப் போதிக்கவே நடந்தவர்கள். ஆயினும் புத்தர் அந்தக் குறையைத் தள்ளிவிடவில்லை. மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கியிருக்க வேண்டும் என்று விதி செய்தார். இந்து சந்நியாசிகளின் சாதுர்மாஸ்ய விரதமும், சமண முனிவர்களின் மழைக்காலத் தங்கலும் இதே உணர்வைக் கொண்டவை. நோக்கம் தூயது என்பதால் பாதத்தின் கீழே உள்ளதைப் பார்க்காதிருக்க உரிமை கிடைத்துவிடாது என்பதை அந்த மகான்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

சமண மரபு இதை மேலும் நுட்பமாக ஆராய்ந்தது. உமாசுவாதியின் தத்வார்த்த சூத்திரம், கவனமின்மையால் உயிருக்கு நேரும் ஊறு என்று ஹிம்சையை வரையறுக்கிறது. விழிப்போடு நடப்பவனின் காலடியில் தற்செயலாக ஓர் உயிர் மடிந்தாலும் அவன் மனம் ஹிம்சையால் கறைபடுவதில்லை. கவனமின்றி நடப்பவனோ, ஓர் உயிரும் மடியாவிட்டாலும் ஹிம்சையில் இருக்கிறான் என்பது அம்மரபின் கருத்து. ஆகவே அகிம்சைக்கு எதிர்ப்பதம் கொடுமை மட்டுமன்று, அசட்டையும்தான்.

அப்படியானால் போகவே கூடாதா?

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். ஒவ்வோர் அசைவும் எங்கோ ஓர் உயிரைத் தீண்டுமெனில், வீட்டிலேயே அமர்ந்திருப்பதல்லவா சிறந்தது? இல்லை. மழைக்காலம் முடிந்ததும் பிக்ஷு மீண்டும் நடந்தார். விதி நடையை நிறுத்தவில்லை. நடைக்குக் காலத்தையும் கவனத்தையும் வகுத்தது. காட்டைக் காணாதவன் காட்டை நேசிப்பதும் கடினம். சந்தனக் காட்டின் காற்றையும், நட்சத்திர ஆமை பாதையைக் கடக்கும் நிதானத்தையும் ஒருமுறை கண்டவன், அவற்றைக் காக்கவும் முன்வருவான்.

எனவே செய்ய வேண்டியவை எளியவை. வனத்துறை அனுமதித்த பாதையோடு நிற்பது. சின்னாற்றின் உட்காட்டில் பழங்குடி வழிகாட்டிகளோடு நடந்தே செல்வது. குருட்டு வளைவில் மணியடிப்பது. குடியிருப்பின் அருகே இறங்கித் தள்ளிச் செல்வது. முனியறைக் கற்களின் மீது ஏறாதிருப்பது. புறப்படும் முன் டயரைக் கழுவுவது. வரையாடுகள் குட்டி ஈனும் காலத்தில் அருகிலுள்ள இரவிகுளம் தேசியப் பூங்கா ஆண்டுதோறும் பார்வையாளர்களுக்கு மூடப்படுகிறது. அதைத் தடையென்று சலித்துக்கொள்ளாமல், காட்டின் சாதுர்மாஸ்யம் என்று ஏற்பது.

இல்லறப் பாதையில்

மிதிவண்டி ஏறாதவருக்கும் இந்த விசாரணை உரியதே. யாரையும் கடிந்து பேசாத நல்ல குடும்பத் தலைவர் ஒருவர் இருக்கலாம். ஆனால் விருந்தினரை அவர் மகிழ்வோடு அழைத்து வரும் ஒவ்வொரு மாலையிலும், அடுக்களையில் யாருடைய கால்கள் கடுக்கின்றன என்பதை அவர் பார்த்ததே இல்லாமல் இருக்கலாம். அவர் உள்ளத்தில் தீங்கில்லை. அவர் நடந்த தடத்தில் மட்டும் ஒரு வாய்க்கால் ஆழமாகிக்கொண்டே போகிறது. ‘நான் கெடுதல் நினைக்கவில்லையே’ என்பது அங்கே பதிலாகாது. ‘நான் கவனித்தேனா?’ என்பதே சாதகன் அன்றாடம் தன்னைக் கேட்க வேண்டிய கேள்வி.

முன்னிரவில் மழை பெய்த ஒரு காலையில், மறையூர்ச் சரிவில் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் அந்த இளைஞன் நிற்கக்கூடும். ஒன்று சாலைக்குத் திரும்புவது. மற்றது ஆற்றை நோக்கி இறங்கும் ஈர மண்தடம். பலநாள் கனவு கண்டு வந்த வழி அது. தடுப்பவர் யாரும் இல்லை. அவன் மண்ணைத் தொட்டுப் பார்க்கிறான், வண்டியைத் திருப்புகிறான். அவன் திரும்பியதால் எது காப்பாற்றப்பட்டது என்று எவராலும் காட்ட இயலாது. அவனும் அறியமாட்டான். அகிம்சையின் பெரும்பகுதி இப்படி யாருக்கும் தெரியாமல்தான் நிகழ்கிறது.