பாராட்டு யாருக்கு?

திருவொற்றியூர்ப் பக்கத்தில் நாம் சிறு வயதில் படித்த உயர்நிலைப் பள்ளியில், விளையாட்டில் பேர் வாங்கிய பழைய மாணவர்களையும் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்களையும் வரவழைத்துக் கௌரவிக்க வேண்டுமென்று முன்னாள் மாணவர்கள் சிலர் ஏற்பாடு செய்தார்கள். நம்மையும் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். முதற்கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, நம் மஹல்லாவைச் சேர்ந்த வாலிபர் ஒருவர் நம்மை ஓரமாக அழைத்தார். "பாய், ஒரு மனுசனை மேடையில ஏத்தி, பொன்னாடை போட்டு, மைக்கில முகத்துக்கு நேராப் புகழ்றது மார்க்கத்துல கூடுமா? எங்க அத்தா கூடவே கூடாதுன்னு சொல்றாரு" என்றார்.

அவருடைய தகப்பனார் சொன்னது லேசாகத் தள்ளிவிடக்கூடிய சொல் அன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சமுகத்தில் ஒருவர் இன்னொருவரை வாயாரப் புகழ்ந்தபோது, உம் தோழரின் கழுத்தையல்லவா அறுத்துவிட்டீர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்பக் கூறியதாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்திருக்கிறது. புகழ்ந்துதான் ஆகவேண்டுமென்றால், அவரை நான் இவ்வாறு எண்ணுகிறேன், கணக்கெடுப்பவன் அல்லாஹ்வே என்று சொல்லட்டும் என்றும் போதித்தார்கள். முகஸ்துதி செய்வோரின் முகத்தில் மண்ணை அள்ளிப் போடும்படியும் ஒரு ஹதீஸ் உண்டு. நம் ஊர் மேடைகளில் அதை அமல் செய்யப் புகுந்தால் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் உள்ள கடற்கரை மணல் போதாது!

ஆனால் அதே நாயகம் (ஸல்) அவர்கள் கூட்டத்தின் நடுவே ஒரு ஓட்டக்காரரைப் பாராட்டியதும் உண்டு. தூ கரத் என்ற இடத்துச் சம்பவம் அது. நாயகம் (ஸல்) அவர்களின் பால் ஒட்டகங்களைக் கொள்ளையர் ஓட்டிச் சென்றுவிட்டார்கள். ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்கள் தன்னந்தனியாக, குதிரையில்லாமல், கால்நடையாகவே ஓடித் துரத்தி, அம்பெய்து எய்து ஒட்டகங்களை மீட்டார்கள். மறுநாள் காலையில் நாயகம் (ஸல்) அவர்கள், இன்றைய குதிரை வீரர்களில் சிறந்தவர் அபூ கதாதா, காலாட்களில் சிறந்தவர் ஸலமா என்று எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தார்கள். அத்தோடு நிறுத்தவில்லை. குதிரை வீரருக்குரிய பங்கு, காலாளுக்குரிய பங்கு என்று இரண்டு பங்குகள் கொடுத்து, தம் ஒட்டகத்தில் தமக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டு மதீனா நோக்கிப் புறப்பட்டார்கள். வழியில் ஓட்டத்தில் யாருக்கும் தோற்றிராத அன்ஸாரி ஒருவர் பந்தயத்துக்கு அறைகூவ, ஸலமா (ரலி) அவர்கள் அனுமதி பெற்று ஒட்டகத்திலிருந்து குதித்து ஓடி அவரையும் முந்திவிட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இந்த வரலாறு விரிவாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒரு இரவு உட்கார்ந்து சொல்லுங்கள், தூங்க மாட்டார்கள்.

இதில் நம் கண்ணில் பட்டது 'இன்று' என்ற ஒரு சொல். ஸலமா எக்காலத்துக்கும் உயர்ந்த மனிதர் என்று அங்கே சொல்லப்படவில்லை. இன்று இவர் இந்த வேலையைச் செய்தார், அதில் முதன்மையானவர் என்று, நடந்த காரியத்தை நடந்த அளவுக்கே சொன்னார்கள். கழுத்தை அறுக்கும் புகழ் வேறு, காரியத்தைச் சொல்லும் பாராட்டு வேறு. அதோடு, சொல்லின் பின்னால் இரண்டு பங்கும் வந்தது. வெறும் வாயால் மட்டும் கௌரவிக்கவில்லை.

வாலிபருக்கு இவ்வளவும் சொல்லி, பொய் கலக்காமல், காலில் விழுவது போன்ற அனாசாரம் இல்லாமல், தொழுகையின் வக்துக்கு இடைஞ்சல் வராமல் நடத்தினால் தோஷமில்லை என்றோம். அவருக்குத் திருப்தி. நமக்குத்தான் அன்றிரவு திருப்தி இல்லாமல் போயிற்று. அதற்குக் காரணம் கையிலிருந்த பெயர்ப் பட்டியல்.

விளையாடியவர்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருந்தன. ஜில்லா அளவில் ஓடியவர், மாநில அணியில் கால்பந்து ஆடியவர், விளையாட்டின் புண்ணியத்தால் துறைமுகத்திலும் ரயில் பெட்டித் தொழிற்சாலையிலும் வேலைக்குப் போய்க் குடும்பத்தை நிமிர்த்தியவர்கள் என்று ஒருவரும் விடுபடவில்லை. பயிற்சியாளர்கள் என்ற தலைப்பின் கீழோ ஒரே ஒரு பெயர். அதுவும் இப்போது வேலையில் இருப்பவர். விளையாடியவனிடம் சான்றிதழ் இருக்கிறது, பழைய பத்திரிகைத் துண்டு இருக்கிறது. கற்றுக் கொடுத்தவரிடம் என்ன இருக்கும்? ஒரு விசில் இருக்கும்.

இது நம் பள்ளியில் மட்டும் நடக்கும் மறதியா என்றால், இல்லை. ஹைதராபாத்தில் சையத் அப்துல் ரஹீம் என்ற ஆசிரியர் இருந்தார். தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி ஆகியவற்றில் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தவர். அவர் பயிற்றுவித்த ஹைதராபாத் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து தடவை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அவருடைய பயிற்சியில் இந்தியக் கால்பந்து அணி 1951ல் ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கியது, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வரை போயிற்று, 1962ல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மறுபடியும் தங்கம் கொண்டுவந்தது. அப்போதே அவர் உடம்பில் புற்றுநோய் இருந்தது. 1963 ஜூன் மாதம் வஃபாத்தானார். பயிற்சியாளர்களுக்கென்று மத்திய அரசு துரோணாச்சாரியார் விருதை ஏற்படுத்தியதே 1985ல்தான். அவர் கதையை ஒரு ஹிந்திப் படம் சொல்லித்தான் 2024ல் பலபேர் அவர் பெயரையே தெரிந்துகொண்டார்கள். ஜகார்த்தாவுக்குப் பிறகு இந்தியாவுக்கு ஆசியப் போட்டியில் கால்பந்துத் தங்கம் கிடைக்கவேயில்லை.

நம் பக்கத்துக்கே வருவோம். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா என்ற நம் சமுதாயப் பெண், 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்று வந்தார். தமிழக அரசு 1 கோடி ரூபாய் கொடுத்துப் பாராட்டியது. ஆட்டோ ஓட்டும் தகப்பனாரே அவருக்குக் கேரமும் கற்றுக்கொடுத்தவர். (கேரம் ஆடலாமா என்று கேட்டு எழுதுவோர் இருப்பார்கள். சூதும் பந்தயமும் கலந்தால், தொழுகை தவறினால், எந்த விளையாட்டும் கேடுதான். அதைத் தனியாக எழுதவேண்டும்.) பதக்கத்தைப் படம் பிடித்தவர்கள் அநேகம். சவாரி முடிந்து வந்த களைப்போடு பிள்ளையை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த இரவுகளைப் படம் பிடிக்க யார் இருந்தார்கள்?

வடசென்னையின் பழைய குத்துச்சண்டைக்காரர்களிடம் இதற்கு ஒரு நல்ல வழக்கம் இருந்தது. சார்பட்டா பரம்பரை, இடியாப்பப் பரம்பரை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே பரம்பரை என்பது இரத்த வழி அன்று. இன்ன வாத்தியாரிடம் பழகியவன், அந்த வாத்தியார் இன்னாரிடம் பழகியவர் என்று போகிற சங்கிலி. நம் மதரஸாக்களில் ஓதி முடித்த ஆலிம்கள், தம் உஸ்தாது யார், அவருடைய உஸ்தாது யார் என்று ஸனதைச் சொல்வார்கள் அல்லவா? அதைப் போலத்தான். வளையத்துக்குள் இறங்குகிறவன் தன் பெயரோடு வாத்தியார் பெயரையும் சுமந்துகொண்டு இறங்கினான். அடி வாங்கினாலும் அந்தப் பெயருக்குத்தான், ஜெயித்தாலும் அந்தப் பெயருக்குத்தான். 1980ல் சென்னை நேரு ஸ்டேடியத்துக்கு முஹம்மது அலீ வந்து காட்சிப் போட்டி ஆடியபோது இந்தப் பக்கத்து ஜனங்கள் கொண்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. அந்த அலீக்கும் ஒரு வாத்தியார் உண்டு. 1954ல் பன்னிரண்டு வயதுப் பையனாக, தன் சைக்கிள் திருட்டுப் போய்விட்டதென்று அழுதுகொண்டு போய் நின்றபோது, முதலில் சண்டை போடக் கற்றுக்கொள் என்று சொல்லிப் பயிற்சி கொடுத்த ஜோ மார்ட்டின் என்ற வெள்ளைக்காரப் போலீஸ்காரர் அவர்.

நம் டிரில் மாஸ்டரும் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். ராயபுரத்துக் கிறிஸ்தவர். அவர் பெயரைப் பட்டியலில் சேர்க்க வேண்டுமென்று இரண்டாவது கூட்டத்தில் நாம் சொன்னோம். அவர் எங்கே இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ என்றார்கள். கஷ்டத்தில் இருந்தால் ஒரு தொகையும் கொடுக்கலாம், நம் மஹல்லாவில் வசூல் செய்து தருகிறோம் என்றோம். நம்மவர் ஒருவரே நம் காதோரம், "நம்ம ஆளுங்களிலேயே எத்தனையோ பேர் கஷ்டப்படறாங்களே பாய்" என்றார்.

ஜகாத் பணத்தைத் தொடப் போவதில்லை, அதற்கு உரியவர்கள் யாரென்று குர்ஆனே சொல்லியிருக்கிறது, இது நாம் பட்ட கடன் என்று அவருக்குப் பதில் சொன்னோம். பத்ருப் போரில் சிறைப்பட்ட குறைஷிகளில் மீட்புப் பணம் கொடுக்க வசதியற்றவர்களுக்கு என்ன விதிக்கப்பட்டது? அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுங்கள், அதுவே உங்கள் மீட்புப் பணம் என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். வாளெடுத்துக் கொல்ல வந்தவன் கற்றுக்கொடுத்ததற்கே அந்த விலை. நம் மாஸ்டர் என்ன செய்தவர்? ரமளானில் நோன்பு வைத்த பிள்ளைகளை வெயிலில் ஓடவிடாமல் வேப்ப மரத்தடியில் உட்காரவைத்து ஸ்கோர் எழுதச் சொன்னவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குத் தாமதமாகிவிடக் கூடாதென்று மணி பார்த்து அனுப்பியவர். மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவனாக மாட்டான் என்று வந்துள்ள ஹதீஸ், மனிதர்கள் என்றுதான் சொல்கிறது.

இவ்வளவு பேசிய நாம் அவரைப் பார்த்து முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது என்பதையும் எழுதிவிட வேண்டும். ராயபுரத்தில் நம் உறவினர் வீட்டுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறோம். இரண்டு தெரு தாண்டினால் அவர் வீடு. ஒரு நாளும் தாண்டவில்லை.

விசாரித்துக்கொண்டு போனோம். ஒற்றை அறை. முழங்கால் இரண்டும் போய்விட்டது, கண்ணிலும் புரை. நம்மை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நாம் அடித்த கோல், வாங்கிய கோப்பை, எதைச் சொல்லியும் நினைவுக்கு வரவில்லை. ஆனால் பத்தாம் வகுப்போடு நின்று ஹார்பருக்கு மூட்டை தூக்கப் போன ஒரு பையனின் பெயரைச் சொல்லி, அவன் எப்படி இருக்கிறான் என்று இரண்டு தடவை கேட்டார். அந்தப் பையன் எதிலும் ஜெயித்தவன் இல்லை, பட்டியலிலும் இல்லை. நமக்கும் அவனைப் பற்றித் தெரியவில்லை.

பொன்னாடை வேண்டாம் என்று சொல்வார், பெரிய மனிதர்கள் அப்படித்தானே சொல்வார்கள் என்று எண்ணிக்கொண்டு விஷயத்தைச் சொன்னோம். அவரோ கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "ஷால் போடுவீங்களா?" என்று கேட்டார். பிறகு, "ஹால்ல வேணாம்டா. கிரவுண்ட்ல போடுங்க. பசங்க பாக்கணும்" என்றார். புகழ் கூடுமா கூடாதா என்று கிதாபுகளைப் புரட்டிக்கொண்டிருந்த நமக்கு வாயில் சொல் வரவில்லை.

பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கிவந்த ஒரு பெண்மணி இரவில் இறந்துபோக, அற்பக் காரியமென்று நினைத்து நாயகம் (ஸல்) அவர்களுக்குத் தெரிவிக்காமலே ஸஹாபாக்கள் அடக்கம் செய்துவிட்டார்கள். பிறகு விசாரித்து அறிந்த நாயகம் (ஸல்) அவர்கள், எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கடிந்து, கப்ரைக் காட்டச் சொல்லிப் போய் அங்கே தொழுதார்கள். நம் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுத் தந்த கிழவர் ஒருவர் இருந்தார். அவர் மௌத்தாகி வெகு காலமாயிற்றாம். அவர் பெயர் அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. 'வாட்ச்மேன் தாத்தா' என்றுதான் நமக்கும் தெரியும்.

விழாவை அஸருக்குப் பிறகு மைதானத்தில் வைத்துக்கொண்டோம். பழைய வீரர்கள் வந்திருந்தார்கள். ஒரு காலத்தில் யாரும் பிடிக்க முடியாமல் ஓடியவர், தடியூன்றி வந்தார். தோல்வியே அறியாதிருந்த நாயகம் (ஸல்) அவர்களின் அள்பா ஒட்டகத்தை ஒரு கிராமவாசியின் இளம் ஒட்டகம் முந்திவிட்டபோது தோழர்கள் மனம் நொந்தார்கள். உலகில் உயர்ந்த எதையும் தாழ்த்தாமல் விடுவதில்லை என்பது அல்லாஹ் தன்மீது ஏற்றுக்கொண்ட நியதி என்று நாயகம் (ஸல்) அவர்கள் அப்போது விளக்கினார்கள். அன்று வந்திருந்த ஒவ்வொருவர் நடையிலும் அந்த நியதி தெரிந்தது.

மாஸ்டர் ஆட்டோவில் வந்து இறங்கியதும் எல்லோரும் எழுந்து நின்றோம். காயம்பட்டுக் கழுதைமேல் வந்த ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை நோக்கி எழுந்து செல்லும்படி நாயகம் (ஸல்) அவர்கள் அன்ஸாரிகளைப் பணித்தார்கள். அது மரியாதைக்காகவா, இறங்க உதவி செய்வதற்காகவா என்று உலமாக்களிடையே இரண்டு கருத்து உண்டு. நமக்கு அன்று இரண்டும் தேவைப்பட்டது. தோளைக் கொடுத்துத்தான் நாற்காலிக்குக் கொண்டு வந்தோம்.

அவரைப் பற்றிப் பேசும்படி நம்மிடம் சொன்னார்கள். நோன்புக்காலத்து வேப்ப மரத்தை மட்டும் சொன்னோம். பொன்னாடையை அவரே இழுத்துச் சரிசெய்துகொண்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். மஹல்லாவில் சேர்ந்த தொகையை உறையில் வைத்து அவர் மகள் கையில் கொடுத்தோம். பேச்சாளர் இன்னும் இரண்டு பேர் பாக்கியிருந்தார்கள். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. தூரத்தில் மஃரிப் பாங்கு கேட்டது. நாற்காலியிலிருந்தபடியே மாஸ்டர் நம் பக்கம் திரும்பி, "என்னடா நிக்கிறீங்க? டைம் ஆச்சு, போங்க" என்றார்.