இரண்டாம் வாய்ப்பும் அறமும்

ஒரு கல்விநெறியின் முடிவில் மாணவன் எய்த விரும்பும் பயனைத் தன்னால் உறுதிப்படுத்த இயலாதென அறிந்த நிறுவனம், அவனிடம் கட்டணம் பெறுதல் அறமாகுமா? ஐக்கிய அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரி புகுவதற்குப் படிக்கல்லாக நடத்தப்பெறும் உயிர்மருத்துவ விஞ்ஞான முதுமாணி நெறிகள் இவ்வினாவை எழுப்புகின்றன.

நம் நாட்டில் உயர்தரப் பரீட்சையே மருத்துவ பீடத்தின் கதவைத் திறக்கின்றது. மூன்று முறை தோற்றியும் இடம் கிட்டாதார்க்கு அக்கதவு மூடிவிடுகின்றது. அமெரிக்காவிலோ மருத்துவம் பட்டதாரிகள் பயிலும் கல்வியாகும். 1893இல் தொடங்கிய ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி இளமாணிப் பட்டத்தை அனுமதித் தகைமையாக விதித்தது. 1910இல் பிளெக்ஸ்னர் அறிக்கை வெளிவந்தபின் அப்போக்கு வலுப்பெற்றது. 2023இல் எம்.டி. பட்டம் வழங்கும் கல்லூரிகளுக்கு 52,000க்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். இடம் பெற்றோர் ஏறத்தாழ 23,000 பேரே.

புறத்தே நின்றோருட் பலர் இளமாணி வகுப்பிற் குறைந்த புள்ளி பெற்றவர்கள். நோயாற் குறைந்திருக்கலாம், இரவு வேலையாற் குறைந்திருக்கலாம், வெறும் அசட்டையாலும் குறைந்திருக்கலாம். பட்டம் பெற்றபின் அப்புள்ளிச் சராசரியை மாற்றுதல் அரிது. முதுமாணிப் புள்ளிகளைப் பொது விண்ணப்ப நிலையம் தனியாகவே கணிக்கின்றது. எனவே பிறிதொரு சான்று வேண்டப்பட்டது. 1970களில் ஜோர்ஜ்ரவுண் பல்கலைக்கழகம் தொடங்கிய நெறியில், இத்தகையோர் முதலாண்டு மருத்துவ மாணவரோடு அமர்ந்து, உடற்றொழிலியல் முதலிய பாடங்களைக் கற்று, அவர்கள் எழுதும் பரீட்சையையே எழுதினர். பிற பல்கலைக்கழகங்களும் பின்னர் இவ்வழியிற் சென்றன.

இதிலுள்ள நியாயம் மறுக்கற்பாலதன்று. பத்தொன்பது வயதிற் பெற்ற புள்ளியை ஒருவனது ஆற்றலின் இறுதித் தீர்ப்பெனக் கொள்வது கொடுமை. ஆயின் இச்சோதனை இருமுனையும் கூரானது. வென்றவன் தன் தகுதியை நிறுவுகின்றான். தோற்றவனோ முன்னர் ஐயமாயிருந்த தன் குறையைத் தானே பணங்கொடுத்து உறுதிப்படுத்திக்கொண்டவனாகின்றான். பல்கலைக்கழகம் இருவரிடமும் ஒரே கட்டணத்தையே பெறுகின்றது.

‘அவன் வயதுவந்தவன், விரும்பி வந்தான்’ என்பர். விருப்பம் அறிவோடு கூடியபோதே உடன்பாடாகும். முன்னைய ஆண்டுகளிற் சேர்ந்தோர் எத்தனை பேர், இடையில் விலகியோர் எத்தனை பேர், மருத்துவக் கல்லூரி புகுந்தோர் எத்தனை பேர் என்பன நிறுவனத்திற்குத் தெரியும், மாணவனுக்குத் தெரியா. விலகியோரைக் கணக்கினின்று நீக்கின் வெற்றி வீதம் தானே உயரும். சொன்ன எண் பொய்யன்று. ஆயினும் அதைக் கேட்டவன் ஏமாற்றப்பட்டவனே. பகுதியெண் யாதெனக் கூறாத வீதத்தை விளம்பரம் செய்தல், என் கருத்தில், வஞ்சனையே.

பட்டம் தன்னளவிற் பயனுடையது எனும் விடை ஒன்றுண்டு. தன்பொருட்டே நாடப்படுவனவற்றையும் பிறிதொன்றின்பொருட்டு நாடப்படுவனவற்றையும் அரிஸ்ரோட்டில் வேறுபடுத்தினார். பிழைப்பின்பொருட்டுக் கற்றல் இழிவன்று. நம்மிற் பெரும்பாலோர் அவ்வாறே கற்கின்றோம். ஆனால் ஆய்வுகூடப் பயிற்சியோ ஆய்வேடோ இல்லாத ஓராண்டு நெறி, கதவு திறவாதபோது மாணவனை எங்கே கொண்டு சேர்க்கும்?

கட்டணத்தின் ஒரு பகுதியை மருத்துவக் கல்லூரி அனுமதி கிடைக்கும்வரை ஒத்திவைக்கலாமே எனத் தோன்றும். அவ்வாறு செய்யின், நிறுவனம் வெற்றி உறுதியானவரையே தெரிந்தெடுக்கும். இரண்டாம் வாய்ப்பு யாருக்கு மிக வேண்டுமோ அவரே விலக்கப்படுவர். ஆதலால் முழு எண்ணிக்கையையும் ஆண்டுதோறும் வெளியிடுமாறு வற்புறுத்துவதையே நான் விரும்புவேன்.

கடன் பற்றியும் ஒரு சொல். 2006 முதல் பட்டப்பின்படிப்பு மாணவர் தம் முழுச் செலவு வரையும் கூட்டாட்சி அரசிடம் கடன் பெறலாயினர். 2025இல் இயற்றப்பட்ட சட்டம், 2026 யூலை 1 முதற் புதிதாகக் கடன் பெறுவோர்க்கு அவ்வசதியை நீக்கி, முதுமாணி மாணவனுக்கு ஆண்டொன்றுக்கு 20,500 டொலர் என வரம்பிடுகின்றது. கடன்சுமையினின்று இளைஞரைக் காக்கும் ஏற்பாடாக இது தோன்றினும், எஞ்சிய தொகையைத் தந்தையிடம் பெறக்கூடியவனும் தனியார் வங்கியை நாடவேண்டியவனும் இனி அவ்விரிவுரை மண்டபத்திற்கு ஒரே நிலையில் வரப்போவதில்லை.