பாரியும் திமிரியும்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. இந்த மாதங்களில் ஆலங்கேணியில் எதிலும் ஈரம் தங்காது. துணிப்பையிலிருந்து எடுத்த சீவாளி காய்ந்து, வாய் பிளந்து கிடந்தது. உதட்டுக்குள் வைத்து ஊறப்போட்டேன். முதலில் வெறும் சருகு. கொஞ்ச நேரத்தில் கொறுக்கைத் தட்டை தன் பழைய புல்வாசனையைத் தரும். அதன் பிறகுதான் இரண்டு இதழ்களும் ஒன்றையொன்று தேடி ஒடுங்கும். அவசரப்பட்டு ஊதினால் பிளிறும்.

அலமாரியில் இரண்டு நாயனங்கள் இருக்கின்றன. திமிரி, தம்பலகாமத்தில் எனக்குச் சொல்லித் தந்தவரின் கையிலிருந்து வந்தது. பாரி, நரசிங்கம்பேட்டையில் கடைந்தது. இந்த முறை திருவிழாவுக்கு எதைத் தூக்குவது என்று மனம் ஒரு மாதமாக இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

*

திமிரி கைக்கு அடக்கம். துளைகள் கிட்டக் கிட்ட இருப்பதால் விரல் அகல வேண்டியதில்லை. சுருதி நாலு கட்டைக்குக் குறையாது. வீதியில் மேளத்துக்கு நடுவிலும் தனியாகக் கேட்கும். சுவாமி வெளிவீதி சுற்றி வரும் வரை என் மூச்சு அதற்குப் போதும்.

பாரி இரண்டு, இரண்டரைக் கட்டை. கடைசித் துளைக்கு வலது சுண்டுவிரல் எட்டிப் போக வேண்டும். ஒரு கீர்த்தனை முடிவதற்குள் அந்த விரலின் அடி நரம்பு இழுக்கும். அறுபதைத் தாண்டிய பிறகு எனக்கு முட்டு வருத்தமும் சேர்ந்துகொண்டது. மாரியில் நெஞ்சு விசிலடிக்கும். அப்படிப்பட்டவன் பாரியைத் தூக்குவது புத்தியில்லாத வேலை என்று வீட்டில் சொல்கிறார்கள். சொல்வதில் பிழையில்லை.

ஆனால் அதன் கீழ்ச் சட்ஜம்! அதை ஊதும்போது சத்தம் அடியில் விரிந்த அணசிலிருந்து வெளியே போவதாக எனக்குத் தோன்றுவதில்லை. மரம் முழுவதும் அதிர்ந்து, விரல் நுனி வழியாக எனக்குள்ளேயே திரும்பி வருகிறது. முதல் தடவை அப்படி ஆனபோது கண் கலங்கிவிட்டேன். அதை ஒருவருக்கும் சொன்னதில்லை.

*

பாரி நாயனத்தின் கதையில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை, 1898 முதல் 1956 வரை வாழ்ந்தவர். மற்றவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. திமிரியில் சுத்த மத்திமம் தானாக விழாது. உதட்டை அழுத்தியும் துளையை அரைகுறையாக மூடியும் வாங்க வேண்டும். தோடிக்கோ அந்த மத்திமம் உயிர். தோடியைத் தன் மூச்சாகவே வைத்திருந்த ஒரு மனிதருக்கு அதை ஒவ்வொரு தடவையும் கெஞ்சி வாங்க எப்படி மனம் வரும்? ஆசாரி உடலை நீட்டினார், துளைகளை அளந்து மாற்றினார். சுத்த மத்திமம் சுத்தமாகப் பேசியது. சுருதியும் இறங்கிக் கனத்தது.

இந்தக் கதையை வெகுகாலம் நான் பிழையாக விளங்கிக்கொண்டிருந்தேன். லேசான கருவியை விட்டுக் கஷ்டமான கருவியை நாதத்துக்காக எடுத்தார்கள் என்றே நினைத்திருந்தேன். இரண்டையும் மாறி மாறி வாசித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. திமிரி நெஞ்சுக்கு லேசு, உதட்டுக்குப் பாரம். பாரி உதட்டுக்கு லேசு, நெஞ்சுக்குப் பாரம். கல்யாணி வாசிக்கிறவனுக்குத் திமிரி ஒரு குறையும் வைக்காது. தோடிக்குள் இறங்குகிறவனுக்குப் பாரியில்தான் சுகம். ஆகவே எது லேசு என்று கருவியிடம் மட்டும் கேட்டுப் பயனில்லை. எதை வாசிக்கப் போகிறாய் என்று அது திருப்பிக் கேட்கும்.

*

மேலைநாட்டு டியூபாவிலும் இப்படி ஒரு கதை உண்டு. 1930களில் அமெரிக்காவின் யார்க் நிறுவனம், பிலடெல்பியா இசைக்குழுவின் டியூபாக் கலைஞர் பிலிப் டொனாட்டெல்லிக்காக ஒரு பெரிய டியூபா செய்தது. அவருடைய பருத்த உடம்புக்கு அது வாகாக அமையவில்லை. மாணவராக இருந்த ஆர்னல்ட் ஜேக்கப்ஸிடம் 175 டாலருக்கு விற்றுவிட்டார். ஜேக்கப்ஸ் 1944 முதல் 1988 வரை சிகாகோ சிம்பொனியில் வாசித்தார். ஒருவர் மடியில் உட்கார மறுத்த அந்தக் கருவியின் நாதத்துக்காக, பிற்காலத்தில் யமஹாவும் ஹிர்ஸ்ப்ரன்னரும் அதைப் பார்த்து நகல்கள் செய்தார்கள். இதில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஒன்றே ஒன்று: ஜேக்கப்ஸ் ஆஸ்துமாக்காரர்.

*

பாரியை மடியில் வைத்துத் துடைத்தேன். அதன் உடலான உலவு ஆச்சா மரம். நரசிங்கம்பேட்டையில் இதற்குப் பச்சை மரத்தைத் தொடமாட்டார்கள். பழைய வீடு இடிக்கும்போது கழற்றிய உத்திரங்களைத் தேடி வாங்குவார்கள். அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பத்திரிகையில் படித்தபோது சொந்த வீட்டு நல்ல செய்தி போல இருந்தது. யாருடைய கூரையையோ எத்தனையோ வருஷம் தாங்கிய மரம் இப்போது என் மூச்சைத் தாங்குகிறது. பக்கத்துளை ஒன்றில் மெழுகு உருகி வழிந்திருந்தது. கச்சான் வெக்கை. நகத்தால் வழித்து, திரும்ப அடைத்தேன். கடல் உப்பில் அணசின் விளிம்பு பச்சை பூத்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்க வேண்டும்.

*

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை திருகோணமலைக்குப் போவதென்றால் ‘பாதை’ என்ற மிதவையில்தான். சைக்கிள், ஆட்டுக்குட்டி, மீன்கூடை, இவற்றுக்கு நடுவில் வாத்தியார் திமிரியைச் சால்வையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பார். ஒருநாள், "தம்பி, உனக்குப் பெரியதுதான் பிடிக்கும். எனக்குத் தெரியும். கை பழகும் வரைக்கும் இதை வாசி" என்றார். பாதை அக்கரை தட்டும் வரை இருவரும் பேசவில்லை. இன்று பாலத்தில் பஸ் ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகிறது. அப்படி அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்க நேரமேது?

*

மரவேலை செய்யும் நானா ஒருவர் பின்வேலிக்கு அப்பால் இருக்கிறார். நேற்றுக் கேட்டார்: "அண்ணன், சின்னனை ஊதினா வேலையோட வேலையாக் கேட்டுக்கொண்டு இருப்பன். பெரிசை ஊதினா உளியைக் கீழ வச்சிருவன். அது ஏன்?"

எனக்குப் பதில் வரவில்லை. ஷேக் சின்ன மௌலானாவைப் பற்றிச் சொன்னேன். 1924இல் ஆந்திரத்துக் கரவடியில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் குடியேறி, 1999இல் மறையும் வரை நாதஸ்வரமே வாழ்க்கையாக இருந்தவர். கோயில்களில் வாசித்த பரம்பரை. "நம்மட ஆளா?" என்று நானாவின் முகம் மலர்ந்தது. பிறகு என் பாரியை வாங்கி, வாசிக்கத் தெரியாத கையால் உலவைத் தடவிப் பார்த்தார். "இது உள்ளுக்க நல்லாக் காஞ்ச மரம்" என்றார். தச்சனின் விரலுக்கு அது தெரிந்திருக்கிறது.

*

வீதிக்குத் திமிரி என்று முடிவு செய்துவிட்டேன். சுவாமியோடு நடக்க வேண்டும். நடுவழியில் மூச்சு முட்டி நின்றால் தவில்காரருக்கும் சங்கடம். அது சேவை. அதில் என் ஆசையை நுழைக்க மாட்டேன்.

பாரிக்கு இந்தத் திண்ணையில் பொழுதுபடும் நேரம். கால் மணி நேரம் போதும். கீர்த்தனை வேண்டாம், தோடி மட்டும். நெஞ்சு இடம் கொடுக்கும் வரை ஒவ்வொரு சுரமாக நின்று நின்று.

சீவாளி ஊறிவிட்டது. கெண்டையில் செருகி நூலை இறுக்கினேன். பள்ளிவாசலில் மஃரிப் வாங்கு தொடங்கியது. நானாவின் பட்டறையில் உளிச் சத்தம் நின்றது. வாங்கு முடியட்டும் என்று பாரியை மடியில் கிடத்தி, சுண்டுவிரலை மட்டும் கடைசித் துளையில் வைத்துக்கொண்டு இருக்கிறேன்.