தலைக்கு உடையவர் யார்?

தலைமயிரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவது கௌரவமான காரியம் அல்ல என்று சிலர் நினைக்கக்கூடும். மயிர் என்ற சொல்லையே வசையாக்கி வைத்திருக்கிற சமூகம் நம்முடையது. மதிப்பில்லாத எதையும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் நாம் தூக்கி எறிகிறோம். ஆனால் அதே மயிர் ஒரு பெண்ணின் தலையில் அளவு குறைந்துவிட்டால், அல்லது ஓர் ஆணின் தலையில் அளவு கூடிவிட்டால், குடும்பமே கூடி உட்கார்ந்து பேசுகிறது. பெரியப்பாவுக்குச் சொல்லி அனுப்புகிறது. ஊர் என்ன சொல்லும் என்று அழுகிறது. அற்பமான பொருளுக்காக யாரும் இவ்வளவு பாடுபடுவதில்லை. அது அற்பமானது அல்ல என்பதை நாம் எல்லோரும் உள்ளூர அறிந்தே இருக்கிறோம்.

ஆணுக்கு ஓர் அளவு, பெண்ணுக்கு ஓர் அளவு என்று வகுத்து வைத்தாகிவிட்டது. சரி. தன்னை ஆண் என்றும் உணராமல், பெண் என்றும் உணராமல் இருக்கிற ஒருவர் எந்த அளவில் முடி வைத்துக்கொள்வது?

இது நான் கதைக்காகக் கற்பனை செய்த கேள்வி அல்ல. திருநங்கையரையும் திருநம்பியரையும் நம் ஊர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மரியாதையோடு பார்க்கப் பழகி வருகின்றன. திருநங்கையர் பெரும்பாலும் தம்மைப் பெண்ணாக உணர்கிறவர்கள்; திருநம்பியர் ஆணாக உணர்கிறவர்கள். நான் சொல்லுகிறவர்களோ, இந்த இரண்டு சட்டையும் எனக்குப் பொருந்தவில்லை என்று சொல்லுகிறவர்கள். இவர்கள் புதிதாக முளைத்தவர்கள் என்று நினைப்பதற்கும் இடம் இல்லை. ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயருக்கென்று தனி விகுதி கிடையாது, இருக்கிற பால் விகுதிகளையே அது ஏற்று நடக்கும் என்று தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. நான் கல்லூரிப் படிப்பை முழுக்க முடித்தவன் அல்ல; இலக்கணத்தில் பண்டிதனும் அல்ல. ஆனாலும் அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆச்சரியம் உண்டாகிறது. ஆள் இருக்கிறார், ஆனால் அவருக்கென்று விகுதி இல்லை என்பதை அந்த இலக்கணக்காரர் கண்டு எழுதி வைத்திருக்கிறார்!

விகுதியின் கதைதான் முடியின் கதையும். பழந்தமிழில் கூந்தல், குழல், ஓதி, ஐம்பால் என்றால் அது பெண்ணின் முடி. குஞ்சி, பங்கி, ஓரி என்றால் ஆணின் முடி. ஒரே தலையில் ஒரே மாதிரி முளைக்கும் பொருளுக்கு, அது யாருடையது என்று தெரிந்த பிறகுதான் பெயரே வைத்திருக்கிறார்கள்.

ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவருடைய மூத்த குழந்தைக்கு இருபத்து மூன்று வயது. கோயம்புத்தூரில் பம்பு செட் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வரைபடப் பிரிவில் வேலை. பெண்ணாக வளர்க்கப்பட்டவர், பெண்ணல்ல, ஆணும் அல்ல என்று சென்ற வருஷம் வீட்டில் சொன்னார். நண்பர் கெட்டவர் அல்ல. கத்தவும் இல்லை, அடிக்கவும் இல்லை. எப்படிக் கூப்பிடுவது என்று மட்டும் திகைத்துப் போனார். 'அவர்' என்ற சொல் தமிழில் எல்லோருக்கும் பொதுவாயிற்றே என்று நான் சொன்னதற்கு, "பெத்த புள்ளைய 'அவரு'ன்னு சொன்னா வேற யாரோ வூட்டு ஆளாட்ட இருக்குதுங்களே" என்றார். நியாயமான வருத்தம்தான். நம் மொழியில் பொதுப்பாலுக்கு வழி உண்டு. ஆனால் அது மரியாதை என்னும் வாசல் வழியாகத்தான் இருக்கிறது. நெருக்கத்தின் வாசலில் நின்றால் அவன், அவள் இரண்டுதான். நல்ல வேளையாகக் 'கண்ணு', 'சாமி', 'தங்கம்' என்ற சொற்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. அந்த வீட்டில் இப்போது அவைதான் அதிகமாகப் புழங்குகின்றன.

பேச்சு ஒருவாறு சமாதானமாயிற்று. முடியில்தான் வந்து முட்டிக்கொண்டது.

இடுப்புக்குக் கீழே இறங்கும் பின்னல் அவருக்கு. அந்தப் பின்னலோடு எங்கே போனாலும், வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் யார் என்று தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது. 2021-இல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. திருநங்கையருக்கும் அதை விரிவாக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் கண்டக்டர் யாரிடமும் சான்றிதழ் கேட்பதில்லை. தலையைப் பார்த்துத்தான் சீட்டைக் கிழிக்கிறார். பின்னல் இருந்தால் ஒரு சீட்டு, கிராப்பு இருந்தால் வேறு சீட்டு. கண்டக்டரைக் குறை சொல்ல மாட்டேன். கூட்டம் பிதுங்குகிற வண்டியில் அவருக்கு ஒரு விநாடிதான் இருக்கிறது. அந்த ஒரு விநாடியை நாள் பூராவும், பார்க்கிற எல்லோரிடமிருந்தும் பெற்றுக்கொண்டே இருக்கிறவரின் நிலையைத்தான் நான் யோசிக்கச் சொல்லுகிறேன்.

வெட்டிவிடலாம் என்றால் எங்கே போய் வெட்டுவது? சலூன் ஆண்களுக்கு. பார்லரின் வாசலில் 'மகளிர் மட்டும்' என்று பலகை. அந்தப் பலகையைத் தாண்டிப் போனால், அங்கே குட்டையாக வெட்டுவதற்குப் பெயர் 'பாய் கட்'. சலூனில் ஒருவன் முடியை வளர்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால் 'என்ன, பொம்பளையாட்ட' என்று கேலி. ஆணின் பெயரோ பெண்ணின் பெயரோ ஒட்டாத அளவு ஒன்று அங்குலக்கோலில் இல்லை.

இதற்கு ஒரு யோசனையைப் பலரும் சொல்லுகிறார்கள். ஆணும் இல்லை, பெண்ணும் இல்லையென்றால் நடுவிலே நிறுத்திக்கொள்ளட்டும். தோள் வரை வைத்துக்கொண்டால் தீர்ந்தது என்கிறார்கள். கேட்பதற்குக் கணக்குச் சரியாக வருகிறது. நானும் அதைத்தான் அந்தப் பிள்ளையிடம் கேட்டுப் பார்த்தேன். "நடுவுல நிறுத்துனா எல்லாரும் ஒத்துக்குவாங்கன்னு தெரியும் மாமா. ஆனா நான் நடுவுல இல்லீங்களே" என்று பதில் வந்தது.

அந்தப் பதிலை நான் வெகுநேரம் யோசித்தேன். இரண்டு நிறத்தைச் சமமாகக் கலந்தால் வருகிற மூன்றாவது நிறம் என்றுதான் இவர்களை நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அர்த்தநாரி வடிவத்தைச் செதுக்கும் சிற்பி வலப்பாதித் தலையில் சடையும் இடப்பாதித் தலையில் தேவிக்குரிய அலங்காரமும் வைப்பான். அது ஆணும் பெண்ணும் சேர்ந்து நிற்கும் தத்துவம், அழகான தத்துவம். ஈரோட்டுக்காரருக்குத் திருச்செங்கோட்டு மலை தூரமும் அல்ல. ஆனால் ஆணையும் பெண்ணையும் சேர்ப்பது வேறு. இரண்டாலும் தன்னை அளக்க வேண்டாம் என்பது வேறு. பாதிப் பாதியாக இரு என்று சொல்லுவதும் ஒரு சீருடையை மாட்டுவதுதான். மூன்றாவது சீருடை என்பதால் அது சுதந்திரமாகிவிடாது.

முடியின் அளவை அதிகாரம் நிர்ணயிப்பது உலகத்தில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. 1871-இல் ஜப்பானிய அரசாங்கம், ஆண்கள் உச்சிக்குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொள்ளலாம் என்று ஆணை போட்டது. அது நாகரிகத்தின் அடையாளம் என்றார்கள். மறு வருஷமே டோக்கியோவில் பெண்கள் கூந்தலைக் குட்டையாகக் கத்தரிப்பதைத் தடுத்து உத்தரவு வந்தது. ஒரே கத்தரிக்கோல் ஆண் தலையில் நாகரிகமாகவும் பெண் தலையில் குற்றமாகவும் ஆயிற்று. 1970-களில் சிங்கப்பூரில், முடி நீண்ட ஆண்களை வரிசையில் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று அறிவிப்பு மாட்டினார்கள். நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொட்டால் நீளம், காதை மூடினால் நீளம், சட்டைக் காலருக்குக் கீழே இறங்கினால் நீளம் என்று படம் போட்டு அளவும் காட்டினார்கள். நம் நாட்டிலோ கிராப்பு வைத்த பையனைப் பார்த்துக் குடுமித் தாத்தாக்கள் குலம் கெட்டது என்றார்கள். அந்தக் கிராப்பே பிறகு ஆண்மையின் இலட்சணமாகி, குடுமி வைத்தவன் கேலிக்கு ஆளானான். எது ஆண் முடி என்பதே இரண்டு தலைமுறைக்குள் தலைகீழாக மாறியிருக்கிறது. இதைச் சாசுவதமான தர்மம் என்று சாதிப்பது எப்படி?

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பெண்ணின் தலையில் முடி இல்லாமல் இருப்பதை நம் சமூகம் சகிக்காது என்பது உண்மையல்ல. புருஷனை இழந்த பெண்ணின் தலையை மழித்து மூலையில் உட்கார்த்தி வைத்த குடும்பங்கள் இருந்தன. அந்தப் பெண்ணை யாரும் சம்மதம் கேட்கவில்லை. மறுபுறம், பழனியில் பெண்களும் மொட்டை போட்டுக்கொண்டு சந்தனம் பூசி வருகிறார்கள். அதை யாரும் மானக்கேடு என்று சொல்லுவதில்லை, கையெடுத்துக் கும்பிடுகிறோம். ஆக, நமக்கு உறுத்துவது குட்டை முடி அல்ல. ஊருக்காக மழித்தால் சம்மதம், சாமிக்காக மழித்தால் புண்ணியம், தனக்காக வெட்டிக்கொண்டால் மட்டும் பாவம்! தலைக்கு உடையவர் அந்தத் தலையைச் சுமக்கிறவர்தான் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் நமக்கு மனம் வருவதில்லை.

இந்தப் பழனியை வைத்து நண்பருடைய வீட்டில் ஓர் உபாயம் கண்டுபிடித்தார்கள். வேண்டுதல் என்று சொல்லி மொட்டை போட்டுவிடலாம். உறவுக்காரர்கள் வாயைத் திறக்க முடியாது. பிறகு முளைக்கிற முடியை விருப்பம்போல் எந்த அளவில் வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். யாருக்கும் நஷ்டம் இல்லாத சாமர்த்தியமான ஏற்பாடு. எனக்கே அது நல்ல வழியாகப் பட்டது. அந்தப் பிள்ளை மட்டும் ஒப்பவில்லை. "வேண்டாத வேண்டுதலச் சொல்லிப் போட்டு முருகன்கிட்ட நிக்க மாட்டேனுங்க" என்று சொல்லிவிட்டார்.

திருக்குறளில் கூடாவொழுக்கம் என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்பீர்கள். உலகம் பழிப்பதை ஒருவன் விட்டுவிட்டால், தலையை மழிக்கவும் வேண்டாம், சடையை வளர்க்கவும் வேண்டாம் என்பது அதன் பொருள். இதைக் காட்டி, 'மனம்தானே முக்கியம், முடி எப்படி இருந்தால் என்ன?' என்று இவர்களிடம் வாதாடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தக் குறள் வேறு விதமாகப் பேசுகிறது. வள்ளுவர் அங்கே கடிந்துகொள்வது முடியை அல்ல. உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகத் தலையை வேஷமாக்குகிறவனை. அப்படியானால் இங்கே வேஷம் எது? தான் பெண்ணல்ல என்று அறிந்தவர், உறவுக்காரர் கண்ணுக்காகப் பின்னலைச் சுமந்து திரிவதா, அதைக் கத்தரிப்பதா? பொய் வேண்டுதல் சொல்லி மொட்டையடிப்பதா, மாட்டேன் என்பதா? எல்லோரும் சம்மதித்த அந்தச் சாமர்த்தியமான வழியில்தான் கூடாவொழுக்கம் இருந்தது. அதை மறுத்ததில் இல்லை.

ஆனால் தாயின் கட்சியைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லுவது நியாயம் ஆகாது. "இருவது வருசமா நானு எண்ணெய் வெச்ச தலைங்க அது" என்றார் அந்த அம்மாள். சனிக்கிழமைதோறும் சீயக்காய் அரைத்துத் தேய்த்து, சிக்கெடுத்து, பின்னி, பூ வைத்த கைகள். மாதத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம் வளருகிற பொருள் அது. இடுப்பைத் தொட வருஷங்கள் ஆகும். வெட்டுவதற்கு இரண்டு நிமிஷம் போதும். அந்த இரண்டு நிமிஷம் தாய்க்குத் தன் உழைப்பையே மறுப்பதுபோல் படுவதில் வியப்பில்லை. அன்பு செய்த வேலைக்கு உரிமை உண்டா? உண்டு என்பதே என் கட்சி. ஆனால் அது தெரிவிக்கப்படும் உரிமை, தடுக்கும் உரிமை அல்ல. வெட்டிவிட்டு வந்து நிற்பது வேறு, வெட்டப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவது வேறு. அந்தப் பிள்ளை சொல்லிவிட்டுத்தான் செய்தது. தாய் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "வெள்ளிக்கெழமை மட்டும் வேண்டாஞ்சாமி" என்றார். சம்மதம் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்ததே போதுமானதாக இருந்தது.

பிடரியோடு வெட்டிக்கொண்டார். கொஞ்ச நாளில் கண்டக்டர்கள் 'தம்பி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதுவும் சரியல்ல. இப்போது மறுபடி கொஞ்சம் வளர்க்கலாமா என்று யோசிக்கிறார். உறவுக்காரர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள்: நேற்று வெட்டினாய், இன்று வளர்க்கிறாய், அப்படியானால் நீ யார் என்று உனக்கே தெரியவில்லை! இந்த வாதம் விசித்திரமானது. ஒருவர் மீசை வைக்கிறார், எடுக்கிறார், தாடி விடுகிறார், மழிக்கிறார். அவர் ஆண்தானா என்று யாரும் விசாரணை வைப்பதில்லை. அவருடைய ஆண்மை மீசைக்கு வெளியே பத்திரமாக இருக்கிறது என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கையை இவருக்கு மட்டும் ஏன் தர மறுக்கிறோம்?

2014 ஏப்ரல் 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. தன் பாலினம் எது என்று தீர்மானிப்பது அவரவர் உரிமை என்றும், அதை உடையாலும் சொல்லாலும் நடத்தையாலும் வெளிப்படுத்துவது கருத்துச் சுதந்திரத்தில் சேரும் என்றும் அதில் சொன்னார்கள். சட்டம் அந்த அளவுக்கு வந்தது பெரிய காரியம். ஆனால் பேருந்தில், கல்யாண வீட்டில், காரியாலயத்தில் விழுகிற அந்த ஒரு விநாடிப் பார்வையை எந்த நீதிமன்றமும் திருத்த முடியாது. அதை நாம்தான் திருத்திக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பெரிய தியாகம் ஒன்றும் வேண்டாம் என்று நினைக்கிறேன். எதிரே வருகிறவர் யார் என்று தெரியாமல் சற்று நேரம் இருக்கப் பழகினால் போதும். தெரியவில்லையென்றால் 'வாங்க' என்று சொல்லலாம், பெயரைக் கேட்கலாம். ஒரு மனிதரை அறிந்துகொள்ள நமக்குப் பொறுமை இல்லை என்பதற்காக அவர் தன் தலையில் விளம்பரப் பலகை மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும் என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?