எட்டு முறை மறந்த அட்டை

'ஆன்கி' என்ற ஜப்பானியச் சொல்லுக்கு மனப்பாடம் என்று பொருள். 2006இல் டேமியன் எல்ம்ஸ் அந்தப் பெயரில் வெளியிட்ட மென்பொருள் இன்று மருத்துவ மாணவர்கள் பலருடைய கைபேசியில் இருக்கிறது. ஒருபுறம் கேள்வி, மறுபுறம் பதில். நன்றாகத் தெரிந்த அட்டை பல நாள் கழித்துத் திரும்பிவரும். மறந்தது சீக்கிரமே வரும். எட்டு முறை மறந்துவிட்டால் அதற்கு 'லீச்' என்று முத்திரை. லீச்சும் தமிழில் அட்டைதான். இந்த வேடிக்கை தானாக அமைந்துவிட்டது. அது உறிஞ்சுவது நம் நேரத்தை, ஆகவே ஓரமாக வை என்பது யோசனை.

எனக்கு உறுத்துவது இதுதான்: இந்தக் கணக்கில் வருவது என் நேரம் மட்டும். அந்த நோயோடு ஒருநாள் என் முன்னால் வந்து உட்காரப்போகிறவர் இதில் எங்குமே இல்லை. எதை மறக்கலாம் என்று அவரைக் கேட்காமல் நான் எப்படி முடிவுசெய்வது?

"எல்லாத்தையும் யாராலடா ஞாபகம் வச்சுக்க முடியும்? போன்ல பாத்துக்கலாம்" என்பான் அறை நண்பன். பாதி சரி. மருந்தின் அளவைப் பார்த்துக்கொள்ளலாம், பார்த்துத்தான் எழுதவும் வேண்டும். சந்தேகத்தை அப்படிப் பார்த்துக்கொள்ள முடியாது. தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருகிறார். கடிவாய் தெரியவில்லை, வீக்கமும் இல்லை. கட்டுவிரியன் கடி இப்படியும் வரும். இமை சரிகிறதா என்று கவனிக்கவேண்டும் என்பது முன்பே மனதில் இல்லாவிட்டால் போனில் எதைத் தேடுவது?

அதனால் என் அட்டைகளை நோய்ப் பெயர்களிலிருந்து கலைத்து, நோயாளி வாயில் வரும் சொற்களின்கீழ் அடுக்கத் தொடங்கினேன். விஷக்கடியில் இருந்தது வயிற்றுவலிக்குப் போயிற்று. அமெரிக்கத் தேர்வுக்காகத் தொகுத்த அட்டைகளை இங்கேயும் இறக்கிக்கொள்கிறார்கள். அங்கே உண்ணிக்கடியால் வரும் லைம் நோய்க்கு நல்ல இடமுண்டு. கட்டுவிரியனுக்கு நானேதான் எழுதிக்கொண்டேன். அடுத்தவர் அடுக்கியதை வாங்கும்போது அவருடைய மறதியும் கூடவே வந்துவிடுகிறது.

அரிது என்பதற்காகவும் தள்ளமுடியாது. வில்சன் நோய் அரிதுதான். உடம்பில் செம்பு சேர்ந்துகொண்டே போகும். கையெழுத்து கோணலாகி, படிப்பில் பின்தங்கும் பையனை வீட்டில் திட்டிக்கொண்டிருப்பார்கள். சந்தேகப்பட்டால் மருந்து உண்டு. மருந்து இருப்பதை மறக்கக்கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன்.

டே-சாக்ஸ் நோயில் அந்த விதி இடறுகிறது. குழந்தை கற்ற அசைவுகளை ஒவ்வொன்றாக இழக்கும், குணப்படுத்த மருந்தில்லை. விதிப்படி ஓரமாக வைத்துவிடலாம். ஆனால் தாய் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைவது மருந்துக்காக மட்டுமா? "புள்ளைக்கு என்னதான் ஆச்சு, அதையாவது சொல்லுங்க" என்று கேட்டால், அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அடுத்த குழந்தைக்கும் வரலாம் என்பதையும் யாராவது சொல்லியாகவேண்டும்.

இப்போதைக்கு அந்த அட்டை, 'உக்காந்த புள்ள இப்ப உக்கார மாட்டேங்குது' என்ற தலைப்பின்கீழ் இருக்கிறது.