உறை மோருக்கு உரியவர் யார்?

பால் தயிராக வேண்டுமெனில் உறை மோர் வேண்டும். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை என நம் புறநகர்த் தெருக்களில் இன்று பாக்கெட் தயிர் எளிதாகக் கிடைக்கிறது. எனினும், அடுத்த வீட்டில் ஒரு கரண்டி உறை மோர் கேட்டு வாங்கும் வழக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. அதற்கு எவரும் விலை சொல்வதில்லை. கொடுத்தவர் வீட்டில் அது குறைவதுமில்லை.

பாலைப் புளிக்கச் செய்யும் இத்தகைய நுண்ணுயிர்களை அறிவியல் இன்று எழுத்தெழுத்தாக வாசித்துள்ளது. பாலாடைக்கட்டி செய்ய உதவும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸின் மரபணுத் தொகுதியைப் பிரெஞ்சு அறிஞர்கள் 2001-இல் வெளியிட்டனர். பாலாடைக்கட்டிக்கும் மேல்நாட்டுத் தயிருக்கும் பயன்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் 2004-இல் வாசிக்கப்பட்டது. சுமார் 18 இலட்சம் எழுத்துகள் கொண்ட அச்சுவடி கூறும் செய்தி வியப்புக்குரியது. இதன் நெருங்கிய உறவினங்கள் நிமோனியாவையும் தொண்டை நோயையும் உண்டாக்குபவை. இதுவோ, நோய் விளைவிக்கும் மரபணுக்கள் பலவற்றை இழந்துவிட்டது. இதன் மரபணுக்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு செயலற்றுக் கிடக்கிறது. மனிதர் காத்துவந்த பாலிலேயே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்ததால், தாக்குவதற்கான கருவிகள் இதற்குத் தேவையற்றுப்போயின. நேற்றையதில் சிறிது எடுத்து இன்றைய பாலில் கலந்த, பெயரறியாத எத்தனையோ கைகளின் தடம் அச்சுவடியில் பதிந்துள்ளது.

அவ்வாறாயின், இவ்வுயிர்மீது ஒருவர் தனியுரிமை கோரலாமா? எண்ணெயைச் சிதைக்குமாறு ஆனந்த சக்கரவர்த்தி மாற்றியமைத்த நுண்ணுயிருக்குக் காப்புரிமை வழங்கலாம் என 1980-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. இயற்கையில் உள்ள உயிரைக் கண்டறிந்ததற்கு நம் நாட்டுச் சட்டம் காப்புரிமை தருவதில்லை. மாற்றியமைக்கப்பட்ட நுண்ணுயிருக்கோ வழிவிடுகிறது.

ஆய்வாளரின் உழைப்புக்கு ஊதியம் வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், கடைசி வரியைச் சேர்த்தவர் சுவடி முழுமைக்கும் ஆசிரியர் ஆகிவிடுவாரா? திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1991-இல் வெளியிட்ட ‘நூறாம் ஆண்டு’ சுற்றுமடல், அறிவையும் தொழில்நுட்பத்தையும் நம் காலத்தின் சொத்து வடிவமாகக் கண்டது. மண்ணுலகின் நலன்கள் யாவருக்கும் உரியவை என்பதையும் அதே மடல் வலியுறுத்துகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பிடிப்பதே நீதி. நாம் புதிதாகச் சேர்த்ததற்குக் காலவரம்புள்ள பயனைப் பெறலாம். முன்னோரிடம் இலவசமாகப் பெற்றதன்மீது பூட்டுப் போடலாகாது.

ஒரு பெண் மாவில் பொதிந்த புளிப்பு மாவுக்கு ஆண்டவர் விண்ணரசை ஒப்பிட்டார். அவளுக்கு அது எங்கிருந்து கிடைத்தது என்று உவமை கூறவில்லை. கேட்டதும் கொடுத்த ஒரு வீடு அவளுக்கு அருகில் இருந்திருக்க வேண்டும்.